எச்.ஐ.வி. மருந்தும் ஏழைத் தொழிலாளியும்

தோட்டங்களில் சுகாதாரக் கூட்டங்கள் நடைபெறும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. பேச்சு முடிந்ததும் கேள்விகள் கேட்கலாம் என்கிறோம். நீரிழிவைப் பற்றிக் கேட்பார்கள்; இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள்; கொசு மருந்து எந்த நாளில் அடிப்பார்கள் என்றும் கேட்பார்கள். எச்.ஐ.வி. பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. நாற்காலிகளை அடுக்கிவிட்டு விளக்கை அணைக்கும் வேளையில் யாரேனும் ஒருவர் மெல்ல அருகில் வந்து நிற்பார். "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்த நோய் இருக்கிறதாம். மருந்துக்கு மாதம் எவ்வளவு ஆகும், ஐயா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்.

அவருக்குத் தனியே கூறும் விடையை அனைவரும் அறியும்படி இங்கு எழுதுகிறோம். இந்நோய் கண்ட மலேசியக் குடிமக்களுக்கு முதல்நிலை மருந்துகளை அரசாங்க மருத்துவமனைகள் 2006-ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே வழங்கி வருகின்றன. ஆகவே மருந்தின் விலைக்கு அஞ்சி எவரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதில்லை.

ஆயினும், மருந்து இலவசம் என்று சொல்லிவிட்டால் மட்டும் பேச்சு முடிந்துவிடாது. மருந்து இருக்குமிடத்துக்குப் போய்வரக் காசு வேண்டும். அன்றைய வேலையும் கெடும். மருந்தைப் பாதியில் நிறுத்துவோருள் சிலர் இந்தச் சிறு செலவுகளைத் தாங்க இயலாமலேயே நிறுத்துகின்றனர். அந்தச் செலவுகள் எவை, அவற்றைக் குறைக்கும் வழிகள் எவை, யாரிடம் போய்க் கேட்பது என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நோயும் மருந்தும்

எச்.ஐ.வி. என்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்கிருமி. நம் இரத்தத்தில் உடலைக் காக்கும் வெள்ளையணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒரு வகையை இக்கிருமி சிறிது சிறிதாக அழிக்கிறது. பல ஆண்டுகள் வரையில் நோயாளி திடமாகவே காணப்படுவார். பெரட்டுக்குப் போவார், நிரையை வெட்டி முடிப்பார், பால் சுமப்பார். காவலணுக்கள் மிகவும் குறைந்த பின்னரே காசநோய், நுரையீரல் அழற்சி, ஓயாத வயிற்றுப்போக்கு முதலிய நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். அந்த முற்றிய நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர். நம் நாட்டில் இக்கிருமி 1986-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

பாதுகாப்பற்ற உடலுறவு, பலர் பயன்படுத்திய ஊசி, கிருமியுள்ள இரத்தம் ஆகியவற்றின் வழியாக இது பரவும். நோயுற்ற தாயிடமிருந்து, தக்க சிகிச்சை இல்லாவிடில், குழந்தைக்கும் பரவும். ஒரே குவளையில் தேநீர் அருந்துவதாலோ, ஒரே லயத்தில் வாழ்வதாலோ, தோளில் கைபோட்டுப் பேசுவதாலோ, கொசுக் கடியாலோ இது பரவுவதில்லை.

இக்கிருமியை உடலிலிருந்து அடியோடு நீக்கும் மருந்து பொதுச் சிகிச்சையில் இன்னும் வரவில்லை. அதை அடக்கி வைக்கும் மருந்துகள் நல்ல நிலையில் இருக்கின்றன. லாலான் புல்லை நாம் அறிவோம். மேலே எத்தனை முறை அரிந்தாலும், மண்ணுக்கடியில் கிழங்கு கிடக்கும் வரையில் அது மீண்டும் தலைகாட்டும். ஓயாமல் கவனித்து வந்தால்தான் நிரை சுத்தமாக இருக்கும். எச்.ஐ.வி. மருந்தின் வேலையும் அத்தகையதே. நாள் தவறாமல் உட்கொண்டால், கிருமி பெருகாமல் ஒடுங்கிக் கிடக்கும். காவலணுக்கள் மீண்டும் பெருகும். நோயாளி மற்றவரைப் போலவே உழைத்து நெடுங்காலம் வாழலாம்.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. மருந்தைத் தவறாது உட்கொண்டு, இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்து வருமானால், அவரிடமிருந்து உடலுறவின் வழியாக இக்கிருமி பிறருக்குப் பரவுவதில்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதியரிடம் நடத்திய ஆராய்ச்சிகளின் முடிவு இது. மருந்து நோயாளியைக் காப்பதோடு, அவர்தம் மனைவியையோ கணவனையோ காக்கிறது. ஒருவர் செலவுக்கு அஞ்சி மருந்தை விட்டால், ஒரு குடும்பமே ஆபத்துக்குள்ளாகிறது.

விலை இறங்கிய வரலாறு

இன்று ஒரு காசும் வாங்காமல் கொடுக்கப்படும் இம்மருந்துகள் ஒரு காலத்தில் செல்வந்தரும் மலைக்கும் விலையில் இருந்தன. 1987-இல் இந்நோய்க்கான முதல் மருந்து அமெரிக்காவில் வெளிவந்தபோது அதன் விலை ஓராண்டுக்குச் சுமார் 10,000 அமெரிக்க டாலர். 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும் முறை வந்தது. சாவின் விளிம்பில் இருந்தோர் எழுந்து நடமாடினர். ஆனால் மூன்று மருந்துகளுக்கும் உரிய விலையைக் கொடுக்க ஏழை நாடுகளால் இயலவில்லை.

2001-ஆம் ஆண்டில் இந்தியாவில், மும்பையைச் சேர்ந்த சிப்லா என்னும் நிறுவனம், இம்மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலர் விலையில் ஏழை நாடுகளில் பணிபுரியும் தொண்டு மருத்துவர்களுக்குக் கொடுக்க முன்வந்தது. மருந்தைச் செய்வதற்கு ஆகும் செலவு சிறியதே என்பதை உலகம் அப்போது கண்டது. விலையின் பெரும்பகுதி காப்புரிமையினால் வந்தது. ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனமே குறிப்பிட்ட காலம் வரை அதைச் செய்து விற்கலாம் என்னும் உரிமைக்கே காப்புரிமை என்று பெயர்.

அக்காலத்தில் நம் நாட்டிலும் எல்லா நோயாளிகளுக்கும் இலவச மருந்து கிட்டவில்லை. தாய்மார், குழந்தைகள் போன்ற சில பிரிவினருக்கே முழுச் சலுகை இருந்தது. ஏனையோர் ஒரு பகுதியைத் தம் கைப்பணத்தில் வாங்க வேண்டியிருந்தது. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் மலேசிய அரசாங்கம் துணிவான ஒரு முடிவைச் செய்தது. பொதுமக்களின் நலனுக்காகக் காப்புரிமை பெற்ற பொருளை அரசாங்கமே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நமது 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கூறுகிறது. அவ்வதிகாரத்தைக் கொண்டு, அரசாங்க மருத்துவமனைகளின் தேவைக்காக இந்தியாவிலிருந்து மலிவான எச்.ஐ.வி. மருந்துகளை இரண்டாண்டுக் காலத்துக்கு இறக்குமதி செய்ய அனுமதி வழங்கப்பட்டது.

அதன் பயன் என்ன? சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஒரு நோயாளிக்கு மாதம் சராசரி 315 டாலராக இருந்த மருந்துச் செலவு 58 டாலராகக் குறைந்தது. அந்நாளைய நாணய மாற்று விகிதம் ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு. அதன்படி கணக்கிட்டால், சுமார் 1,200 வெள்ளியாக இருந்தது சுமார் 220 வெள்ளிக்கு இறங்கிற்று. அந்த 1,200 வெள்ளி, அன்று பால் வெட்டுவோர் ஒருவர் தம் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் எட்டாத தொகை. விலை இறங்கியதனால் அதே பணத்தைக் கொண்டு மேலும் பலருக்கு மருந்து வழங்க இயன்றது. 2006 முதல் முதல்நிலை மருந்துகள் இலவசமாயின. 2020-ஆம் ஆண்டில், டோலுடெக்ராவிர் என்னும் சிறந்த மருந்தின் மலிவான வகையைப் பெறத்தக்க நாடுகளின் வரிசையிலும் மலேசியா சேர்க்கப்பட்டது.

இவ்வரலாற்றை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. "அந்த மருந்துக்கு ஆயிரக்கணக்கில் ஆகுமாம்" என்னும் பேச்சு இன்னும் சில தோட்டங்களில் நடமாடுகிறது. அப்பேச்சு முன்னொரு காலத்தில் உண்மையாயிருந்தது. இன்று அதை நம்பி வீட்டில் இருப்பவர் வீணே உயிரை இழப்பார்.

இன்று கிடைக்கும் இலவச உதவிகள்

முதலாவது, பரிசோதனை. அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். பெயரைக் கூற விரும்பாதோர் பெயர் கூறாமலும் செய்துகொள்ள வழியுண்டு.

இரண்டாவது, கருவுற்ற தாய்மாருக்கான உதவி. 1998-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத் தாய் சேய் மருந்தகங்களில் கருவுற்ற தாய்மாருக்கு இப்பரிசோதனை நடைபெற்று வருகிறது. நோய் காணப்பட்டால் தாய்க்கும், பிறந்தபின் குழந்தைக்கும் மருந்து கொடுக்கப்படுகிறது. இம்முயற்சியின் பயனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சான்றைப் பெற்ற முதல் நாடு நம்முடையதே. ஆகவே தோட்டத்துத் தாய்மார் எவரும் கருவுற்ற தொடக்கத்திலேயே மருந்தகம் செல்லத் தவறலாகாது.

மூன்றாவது, மருந்து. முன்பெல்லாம் காவலணுக்கள் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த பின்னரே மருந்தைத் தொடங்குவர். நோய் கண்டவுடனேயே அனைவருக்கும் தொடங்குவது நல்லது என்று 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. உடல் நன்றாக இருக்கிறதே என்று நாள் கடத்த வேண்டா.

அரசாங்க மருந்தகத்தில் குடிமக்கள் செலுத்தும் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. மருத்துவமனையின் நிபுணரைக் காண 5 வெள்ளி. இச்சலுகைகள் குடிமக்களுக்கு உரியவை. குடிமகன் அல்லாதோர் கூடுதல் கட்டணம் செலுத்த நேரும். இந்நாட்டில் பிறந்தும் அடையாள அட்டை இல்லாதோர், அக்காரணத்தால் சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டா. நிலைமையை மருத்துவமனையின் சமூகப்பணி அதிகாரியிடம் கூறிவிட்டு, அட்டைக்கான மனுவையும் தேசியப் பதிவிலாகாவில் உடனே செய்தல் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உள்நாட்டுத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மருந்து பெறும் மருத்துவமனை தொலைவில் உள்ளது. தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வாடகை வண்டி, அங்கிருந்து பேருந்து, திரும்பவும் அவ்வாறே. போக்குவரத்துக்கு 60 வெள்ளி, சாப்பாட்டுக்கு 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச ஊதியம் 2025-ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் சம்பளம் சுமார் 65 வெள்ளி. வேலை கெட்டால் அதுவும் போயிற்று. ஆக ஒரு தடவைக்கு 140 வெள்ளி.

மாதந்தோறும் அவர் போக வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 1,680 வெள்ளி. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்! இலவச மருந்தை வாங்குவதற்கு ஓராண்டில் ஒரு மாத உழைப்பைக் கொடுக்க வேண்டியதாகிறது. பள்ளி திறக்கும் ஜனவரியிலோ தீபாவளி மாதத்திலோ கையில் காசில்லாதபோது, "இந்த ஒரு மாதம் போகாவிட்டால் என்ன?" என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. அந்த எண்ணத்தைக் குற்றம் கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அதன் விளைவை அறிந்திருத்தல் அவசியம்.

பாதியில் நிறுத்தினால்

மருந்து உடலில் குறையும்போது ஒடுங்கிக் கிடந்த கிருமி மீண்டும் பெருகத் தொடங்குகிறது. அரைகுறை மருந்தில் பெருகும் கிருமிகளுள் சில, அம்மருந்துக்கு அடங்காத தன்மையைப் பெற்றுவிடுகின்றன. பிறகு அதே மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டாலும் பயன் இராது. அப்போது இரண்டாம்நிலை மருந்துகளுக்கு மாற வேண்டி வரும். அவை முதல்நிலை மருந்துகளைவிட விலை மிகுந்தவை. சிலவற்றில் மாத்திரைகளின் எண்ணிக்கையும் கூடும். சில வேளைகளில் அவற்றின் செலவில் ஒரு பகுதியை நோயாளி ஏற்க நேரலாம். 140 வெள்ளியை மிச்சப்படுத்த எண்ணியவர், அதைவிடப் பெருஞ்செலவை விலைக்கு வாங்கியவராகிறார்.

ஏற்கெனவே சில காலம் நிறுத்திவிட்டவர்கள் இதைப் படித்தால், மனம் தளர வேண்டா. திட்டுவார்களோ என்று அஞ்சி மருத்துவமனைக்குத் திரும்பாமல் இருப்பது பெருந்தவறு. எத்தனை நாள் நிறுத்தினோம் என்பதை உள்ளபடி கூறுங்கள். இரத்தத்தைச் சோதித்து, எந்த மருந்தைத் தொடர்வது என்று மருத்துவர் முடிவு செய்வார். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளைத் தாமாகவே மீண்டும் தொடங்குவதும், ஒருவர் மருந்தை மற்றவருடன் பகிர்ந்துகொள்வதும் கூடா.

செலவைக் குறைக்கும் வழிகள்

1. நெடுநாள் மருந்து. நோய் கட்டுக்குள் வந்து, மருந்து உடலுக்கு ஒத்துப்போன பின்னர், மருத்துவரைக் காணும் நாள்களின் இடைவெளியை நீட்ட இயலுமா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால், மேலே கண்ட 1,680 வெள்ளி 560 வெள்ளியாகக் குறையும்.

2. அருகிலுள்ள மருந்தகத்தில் பெறுதல். பெரிய மருத்துவமனை எழுதிக் கொடுத்த மருந்தை, வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு சுகாதார அமைச்சில் உண்டு. மலாய்மொழியில் அதை எஸ்.பி.யு.பி. என்பர். மருந்தை அஞ்சல் வழியாக வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. உங்கள் மருந்துக்கு எந்த ஏற்பாடு பொருந்தும் என்பதை மருந்து கொடுக்கும் முகப்பில் கேட்டறிக.

3. சம்பளத்தோடு கூடிய விடுப்பு. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும். ஈராண்டுக்கு உட்பட்ட சேவை உடையவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு உண்டு. நோய் விடுப்பு முறையே 14, 18, 22 நாள்கள். நோய் விடுப்புக்கு மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்தலும் வேண்டும். மருத்துவர் சான்றிதழ் தராமல், வந்து சென்ற நேரத்தை மட்டும் குறித்துச் சீட்டுக் கொடுத்தால், அந்நாளுக்கு ஆண்டு விடுப்பை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனை நாள் முன்கூட்டியே தெரிவதால், கிராணியிடம் முன்னதாகவே விடுப்பு எழுதி வைத்தல் எளிது. ஆண்டுக்கு நான்கு நாளை இதற்கென ஒதுக்கினால் ஒரு நாள் சம்பளமும் கெடாது. அப்போது 560 வெள்ளி, சுமார் 300 வெள்ளியாகக் குறைந்துவிடும்.

4. மருத்துவமனையின் சமூகப்பணி அதிகாரி. பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் வறிய நோயாளிகளுக்கு உதவுவதற்கென்றே அதிகாரிகள் உள்ளனர். பலரும் அறியாத கதவு இது. முகப்பில், "சாயா நாக் ஜும்பா பெகாவாய் கெர்ஜா சோசியல் பெருபாத்தான்" என்று கூறினால் போதும். அல்லது உங்கள் மருத்துவரிடம் கூறினால் அவரே அனுப்பி வைப்பார். மருந்துச் செலவு, போக்குவரத்து, வீட்டு வறுமை ஆகிய எதையும் அவரிடம் கூறலாம். எந்த உதவிக்கு நீங்கள் தகுதியுடையவர் என்று பார்த்து மனுவைத் தயாரிக்க அவர் துணைபுரிவார்.

5. மருத்துவ உதவி நிதி. சுகாதார அமைச்சின் கீழ் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்னும் நிதி இயங்குகிறது. அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறும் வறிய குடிமக்களுக்கு, மருத்துவமனை இலவசமாக வழங்காத மருந்துக்கும் கருவிக்கும் இந்நிதி உதவுகிறது. மேலே கூறிய சமூகப்பணி அதிகாரியின் வழியாகவே இதற்கு மனுச் செய்ய வேண்டும்.

6. மலேசிய எய்ட்ஸ் அறவாரியம். 1993-இல் நிறுவப்பட்ட இவ்வறவாரியம், இரண்டாம்நிலை மருந்துகளின் செலவைத் தாங்க இயலாத வறியவர்களுக்கென மருந்துதவித் திட்டம் ஒன்றை நடத்தி வந்துள்ளது. இந்நோயால் பாதிக்கப்பட்ட வறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு உதவும் நிதியும் அதற்கு உண்டு. தற்போது எந்த உதவி கிடைக்கும் என்பதை உங்கள் மருத்துவரிடமோ சமூகப்பணி அதிகாரியிடமோ கேட்டுப் பெறுக.

7. சமூக நல இலாகா, பெர்கேசோ, சேமநிதி. வருமானம் மிகக் குறைந்த குடும்பங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் மாத உதவிக்கு மனுச் செய்யலாம். நோய் முற்றி வேலை செய்ய இயலாதவராகிவிட்டவர், சந்தா செலுத்தியிருந்தால், பெர்கேசோவில் உடற்பேறின்மை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். அத்தகையோர் ஊழியர் சேமநிதியிலுள்ள தம் சேமிப்பை மீட்கவும் வழியுண்டு. மருந்தை உட்கொண்டு வேலை செய்து வருவோருக்கு இவை தேவைப்படா. படுக்கையில் விழுந்தவரின் குடும்பம் இவற்றை மறந்துவிடலாகாது.

எங்குச் சென்றாலும் அடையாள அட்டை, அண்மைய மூன்று மாதச் சம்பளச் சீட்டு, குடும்பத்தாரின் அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனை அட்டை ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு சீட்டுக் குறைந்ததற்காக மறுபடியும் 60 வெள்ளி செலவழித்துப் போகும் நிலையைத் தவிர்க்கலாம்.

"தோட்டத்தில் தெரிந்துவிடுமே!"

பணத்தைவிட இந்த அச்சமே பலரைத் தடுக்கிறது. லயத்தில் ஒரு வீட்டுச் செய்தி மறு வீட்டுக்குச் சுவர் வழியாகவே போய்விடும் என்பதை நாம் அறிவோம். ஆகவே சில உண்மைகளைத் தெளிவாகக் கூறுகிறோம்.

1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எச்.ஐ.வி. கண்டறியப்பட்டால் மருத்துவர் அதைச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிப்பது ஆகாது. உதவிக்கு மனுச் செய்தாலும் கிராணியிடமோ மண்டோரிடமோ நோயின் பெயரைக் கூற வேண்டியதில்லை. விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயரை எழுத வேண்டா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வேலையிடத்தில் எச்.ஐ.வி. தொடர்பாகப் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை மனிதவள அமைச்சின் கீழுள்ள இலாகா 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நோயைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கலாகாது; அவர் செய்தியை மறைவாகக் காக்க வேண்டும் என்று அது முதலாளிமாரைக் கேட்டுக்கொள்கிறது. அந்நெறிமுறைக்குச் சட்டத்தின் வலிமை இல்லை என்பது மெய்யே. எனினும், நோயின் காரணமாக வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட இடமுண்டு. தொழிற்சங்க உறுப்பினர்கள் சங்கத்தின் துணையையும் நாடலாம்.

கூட்டங்களில் எழும் சில ஐயங்கள்

வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டுமா? ஆம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் நம்மிடையே எத்தனையோ பேர் உள்ளனர். இதுவும் அதைப் போன்றதே. பலருக்கு நாளுக்கு ஒரு வேளை உட்கொண்டால் போதும். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுவோருக்கு எந்த நேரம் வசதி என்பதை மருத்துவரிடம் கேட்டு, அந்நேரத்தையே தவறாது பின்பற்ற வேண்டும்.

வேரோடு குணப்படுத்துவதாகச் சிலர் மருந்து விற்கின்றனரே? நம்ப வேண்டா. அரசாங்கம் இலவசமாக வழங்கும் மருந்தை விட்டு, முன்பணம் கேட்கும் பொய் மருந்துக்குச் சங்கிலியை அடகு வைப்போரைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. எந்த மூலிகையை உட்கொள்வதானாலும் முதலில் மருத்துவரிடம் கூறுங்கள். சில மூலிகைகள் மாத்திரையின் ஆற்றலைக் குறைத்துவிடும்.

மருந்து முடியும் நாளில் கையில் பேருந்துக் காசு இல்லையென்றால்? மருந்தகத்துக்குத் தொலைபேசியில் பேசி நிலைமையைக் கூறுங்கள். மாத்திரை முடிவதற்கு ஒரு வாரம் முன்னரே எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இந்நெருக்கடி வராது. நாள்களைக் கூட்டுவதற்காக மாத்திரையைப் பாதியாக உடைத்து உட்கொள்ளல் கூடவே கூடாது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

நோயுற்றவர் தம் வீட்டாரிடமே கூற அஞ்சுகின்ற நிலை இருக்கும்வரை, எத்தனை உதவித் திட்டங்கள் இருந்தும் அவை அவரை எட்டா. தனியாகப் பேருந்துக் காசைத் தேடுபவரைவிட, வீட்டிலொருவர் அறிந்து துணைநிற்பவர் மருந்தை ஒழுங்காகத் தொடர்வது எளிது. உங்கள் மகனோ, மருமகளோ, அண்ணனோ தயங்கித் தயங்கி இச்செய்தியைக் கூறினால், எப்படி வந்தது என்ற விசாரணையை அன்று தொடங்காதீர்கள். அடுத்த மருத்துவமனை நாள் எது, போய்வரக் கையில் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். கூட வருகிறேன் என்று கூறினால் அவருக்கு அது பெரும்பலம்.

கூட்டம் முடிந்தபின் விளக்கணைக்கும் நேரத்தில் வந்து கேட்கும் அந்த அன்பருக்கும் நாம் கூறுவது இதுவே: உங்களுக்குத் தெரிந்த அந்த ஒருவரிடம், மருந்துக்கு விலையில்லை என்று கூறுங்கள். வழிச்செலவுக்கு முட்டுப்பட்டால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்றும் கூறுங்கள். இந்த இதழை மடித்து அவர் கையில் கொடுத்தாலும் நன்று. அடுத்த மருத்துவமனை நாளில் அவர் தவறாமல் போய்ச் சேர வேண்டும்.